சிரித்தால் எவ்வளவு

பழம் பொறுக்கும் பஞ்சாலையின் கண்ணீருக்கு மூவாயிரம் வெள்ளி என்று விலை படிந்தது. வாங்குகிறவர்கள் சிரம்பானில் ஒரு கல்வி அறவாரியம். சரக்கை எடுத்துப்போக வந்தவன் தனேஸ்வரன். பாரோயில் வீடு, வங்கியில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் சமூகத் தொண்டு. லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் புழுதி படாமல் காரை ஓட்டி வந்து, பஞ்சாலையின் வீட்டு முன்னறையில் மூன்று கால் தாங்கியை விரித்து அதன் தலையில் கைப்பேசியைச் செருகிக்கொண்டிருந்தான்.

பஞ்சாலையின் மகள் திலகா எஸ்.டி.பி.எம். தேர்வில் நாலு பாயிண்டு, அதற்குமேல் கிடையாது. வடக்கே பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடமும் வந்துவிட்டது. பதிவுக் கட்டணம், விடுதி, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் புதன்கிழமைக்குள் பணம் வேண்டும். பதினொரு இடத்தில் மனுப் போட்டாயிற்று. ஒருவர் அப்பாவின் சம்பளச் சீட்டைக் கேட்டார். அப்பாவோ ஆறு வருடமாக ஜொகூரில் இன்னொரு குடும்பத்துக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சங்கம், உறுப்பினராகி மூன்று வருடம் கழித்து வரச் சொன்னது. பன்னிரண்டாவது மட்டும்தான் படிந்தது, ஒரு நிபந்தனையோடு: கொடையாளர்களுக்குக் காட்ட அம்மா இரண்டு நிமிடம் வீடியோவில் பேச வேண்டும். கொஞ்சம் கலங்கினால் நல்லது.

பஞ்சாலைக்கு இது நல்ல வியாபாரமாகவே பட்டது. செம்பனையடியில் உதிரிப் பழம் பொறுக்கினால் மூட்டைக்கு மூன்று வெள்ளி, இடுப்பு போனது போனதுதான். அழுகையோ, கல்யாணமான நாளிலிருந்து இலவசமாகவே கொட்டிக் கொடுத்த சரக்கு.

"வேணாம்மா," என்றாள் திலகா.

"நீ சும்மா இரு. அழுறதுக்கு எனக்குச் சொல்லிக் குடுக்கணுமா?"

தனேஸ்வரன் கையைக் காட்டினான். பஞ்சாலை தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் மவ திலகா... நாலு பாயிண்டு..." என்று தொடங்கினாள். அதற்குமேல் போக முடியவில்லை. வாய் காதுவரை விரிந்துவிட்டது. இரண்டாம் முறையும் அதே இடத்தில் அதே கதை.

பக்கத்து வீட்டு லெட்சுமி சன்னல் வழியாகக் கத்தினாள். "ஓடிப்போன மனுசன நெனச்சுக்க லா!"

"அந்த ஆள நெனச்சா இன்னும்தான் சிரிப்பு வருது!"

தனேஸ்வரன் பையிலிருந்து சின்னத் தைலப் புட்டியை எடுத்து நீட்டினான். "கண்ணுக்குக் கீழ லேசா தடவிக்குங்கக்கா. போன மாசம் ஒரு வீட்டுலகூட இப்பிடித்தான்..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அந்தம்மாவும் சிரிச்சாங்களா, சார்?"

அவன் தாங்கியின் திருகைச் சரிசெய்தான். சரியாகத்தான் இருந்தது. முகம் தெரியாத ஒருத்தி எந்த வீட்டிலோ மகள் பாஸான சந்தோஷத்தைத் தைலம் போட்டு அழித்திருக்கிறாள் என்பது பஞ்சாலைக்கு விளங்கியது. புட்டியைத் திறக்காமலே அவன் கையில் திருப்பி வைத்தாள். அதோடு 'சார்' என்ற மரியாதையும் போய்விட்டது.

"தம்பி, அழுதா மூவாயிரம். சிரிச்சா எவ்வளவு?"

"சிரிச்சா ஸ்பான்சருங்க நம்ப மாட்டாங்கக்கா."

"எத நம்ப மாட்டாங்க? என் கஷ்டத்தையா, இவ மார்க்கையா?"

அவன் புட்டியைப் பைக்குள் போட்டான்.

"நீங்க கேக்குற சரக்கு இன்னிக்கு இந்த வீட்டுல இல்ல. இருக்கிறத எடுத்துட்டுப் போயி காட்டுங்க. வாங்குறவங்க வாங்கட்டும்." திலகாவைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். "அமுக்குங்க."

அவன் அமுக்கினான்.

"நான் பஞ்சாலை. பழம் பொறுக்குறேன். இவ என் மவ, நாலு பாயிண்டு. மூவாயிரம் வேணும். நல்ல எடத்துல போடுற காசு. குடுக்குறவங்க குடுங்க." பல் தெரிய, பத்தொன்பது விநாடி.

"செவ்வாக்கிழமை கூட்டம். நான் எதுவும் சொல்ல முடியாதுக்கா," என்றான் தனேஸ்வரன் காரில் ஏறும்போது. திரும்பிப் பார்த்துவிட்டு, "வீடியோவ அழிக்க மாட்டேன்," என்றான்.

கார் போனதும் பஞ்சாலை கண்ணாடி முன் நின்று இரண்டு தோட்டையும் கழற்றி மேசைமேல் வைத்தாள். கணக்கு எழுதத் தாள் தேடிய திலகாவுக்கு மிஞ்சியிருந்த மனுப் படிவம் ஒன்றுதான் அகப்பட்டது. 'குடும்பத்தின் துயர நிலையை விவரிக்கவும்' என்று அச்சடித்து, கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள்.

"அவங்க மூவாயிரத்தையும் சேக்கவாம்மா?"

"வராத காச எழுதாத. வந்தா அப்ப பாத்துக்கலாம். இருக்கிறத எழுது."

திலகா பென்சிலை அழுத்தி, அந்தக் காலி இடத்தில் எழுதினாள்:

தேவை 3,480. சீட்டுப் பணம் 1,200. தோடு அடகு 850. அரைமாதச் சம்பளம் 460. பாக்கி 970.