சொந்த ஊர் என்ற கட்டம்

அக்ஷரா, நீ தூங்கியிருப்பாய். காலையில் எழுந்ததும் இதைப் படி, படித்ததும் அழித்துவிடு.

பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ராமரும் அம்மா சித்ராதேவியும் வேறு வேறு சாதி. ஊரைவிட்டு ஓடிவந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள். நான் மூன்றாவது படிக்கும்போது அம்மாவின் அண்ணன் நாங்கள் இருந்த வீட்டைக் கண்டுபிடித்து ஆட்களோடு வந்தார். அப்பாவின் இடது கை இன்றுவரை முழுதாக மடங்காததற்கு அதுதான் காரணம். கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மேஜையில் பட்ட அடி என்று உன்னிடம் சொன்னது பொய். அதன் பிறகு ஐந்து வீடு மாறிவிட்டோம். யார் ஊரைக் கேட்டாலும் மதுரைப் பக்கம் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் மீறியது உன் பக்கத்தில் உட்கார்ந்துதான். யுனிவர்சிட்டியின் பழைய மாணவர் சங்கத்து உதவித்தொகை விண்ணப்பத்தை நாம் நிரப்பினோமே, அதில் ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. தவறான தகவல் தந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று கீழே அச்சடித்திருந்தது. எனக்குக் கோயம்புத்தூரில் யுனிவர்சிட்டி சீட்டே கிடைத்துவிட்டது. ஆனால் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் சங்கம் கொடுத்தால்தான் போக முடியும். இல்லையென்றால் இங்கே திருப்பூரிலேயே அம்மாவோடு பனியன் கம்பெனியில், துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. அந்தப் பயத்தில் உண்மையை எழுதிவிட்டேன். அம்மாவின் ஊரை. அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். விண்ணப்பித்த விஷயத்தையே வீட்டில் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நானும் அம்மாவும் கடைக்குப் போய்த் திரும்பியபோது, வீட்டுச் சொந்தக்காரர் பூவாத்தாக்கா வாசல் கேட்டிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனம்மிணி, சொல்லவே இல்லையே. புள்ளைக்கு மாப்ள பாக்கறீங்களாட்ட இருக்குது.”

“யாருக்கா சொன்னா?”

“வெள்ளை வேட்டி கட்டீட்டு ஒருத்தர் வண்டில வந்தாரு. ராமர் ஊடு எது, எந்த ஊர்க்காரங்க, எத்தனை வருசமா இருக்கறாங்க, புள்ள எப்படின்னு நோண்டி நோண்டிக் கேட்டாரு. மாப்ள ஊட்டுக்காரங்கன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. நான் உட்டுக் குடுப்பனா? அஞ்சு பவுன் எடுத்து வெச்சிருக்கறாங்க, ஊர்ல தோட்டங்காடு கெடக்குதுன்னு சொல்லிப்போட்டேன்.”

“அவளுக்குப் பதினேழுதான் ஆகுதுக்கா.”

“பேசி வெச்சுக்கறதுக்கு என்ன?”

அம்மா சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தாழ்ப்பாள் போட்டாள். காதர்பேட்டையில் வாங்கிய பெரிய பையைப் பரணிலிருந்து இறக்கினாள்.

“ஆளு வச்சு விசாரிக்கிறாய்ங்க,” என்றாள். “இந்த ஊர்ப் பேச்சுப் பேசுறவனாப் பாத்து அனுப்பிருக்கான் உன் மாமன். சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிட்டுக் கெளம்பிருவோம்.”

“எங்கம்மா?”

“சேலம் பக்கம் எங்கயாச்சும்.”

“என் சீட்டு?”

“உசுரோட இருந்தா அடுத்த வருசம் படி.”

எனக்கு மட்டும் ஒரு நம்பிக்கை இருந்தது. வந்தவர் சங்கத்து ஆளாக இருக்கலாம். மறுநாள் மதியம் அம்மா இல்லாத நேரத்தில் சங்கத்தின் நம்பருக்குப் போன் செய்தேன். செயலாளர் ஞானாம்பாள் மேடம் எடுத்தார்.

“நாங்க இன்னும் ஆரையும் அனுப்பலையே கண்ணு. ஊடு பாக்கறது அடுத்த வாரந்தான். ஏன் கேக்கறே?”

சும்மா கேட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்படியென்றால் அந்த ஆள் யார்? அன்று முழுக்கத் தெருவில் எந்த வண்டி நின்றாலும் ஜன்னல் ஓரத்துக்கு ஓடினேன். பக்கத்து லைன் வீட்டு பீகார் பையன்கள் சிரித்தால்கூட எங்களைப் பற்றித்தான் என்று தோன்றியது. பூவாத்தாக்கா காசு வாங்கிக்கொண்டு பேசினாரோ என்று நினைத்தேன். உன்னைக்கூடச் சந்தேகப்பட்டேன், அக்ஷரா. நான் அந்த ஊர்ப் பெயரை எழுதும்போது பார்த்தவள் நீ ஒருத்திதான்.

இன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அப்பா ஷிப்டில் இருந்தார்.

“ராமர் ஊடுங்களா?”

அம்மா நூல் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டாள். கதவைத் திறக்கவில்லை. ஜன்னலில் பாதிப் பலகையை மட்டும் தள்ளினாள். வெள்ளை வேட்டி.

“யாரு நீங்க?”

“மருதாசலம்ங்க. யுனிவர்சிட்டி பழைய மாணவர் சங்கத்துல மெம்பருங்க. வர்ஷினிங்கற புள்ள அப்ளிகேசன் போட்டிருக்குதில்லீங்க.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் அவரை நம்ப முடியவில்லை.

“யாரையும் அனுப்பலைன்னு மேடம் சொன்னாங்களே,” என்றேன்.

“சொல்லீட்டு வந்தா எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சுட்டுத்தான் கதவைத் தொறப்பீங்க. போன வருசம் ஒரு ஊட்டுல பிரிட்ஜுக்குப் போர்வை போத்தி வெச்சிருந்தாங்க. போர்வைக்குள்ள அது ஓடீட்டு இருக்குது. அதனால நான் மேடத்துக்கும் சொல்லாம முன்னாடியே வந்து அக்கம்பக்கம் கேட்டுக்குவனுங்க.” எங்களை அவர் பார்த்த பார்வையும் நாங்கள் அவரைப் பார்த்த மாதிரியேதான் இருந்தது. “அஞ்சு பவுனு, தோட்டமெல்லாம் இருக்குதாமா. அப்பறம் எதுக்குங்க சங்கத்துப் பணம்?”

“உங்களை மாப்பிள்ளை வீடுன்னு நெனச்சு பூவாத்தாக்கா அளந்து விட்டுட்டாங்க,” என்றேன்.

அவர் தன் நரைத்த தலையைத் தடவினார். “மாப்ள ஊடா? எம்பையனுக்கே ரெண்டு புள்ளைங்க கண்ணு,” என்றார். பிறகு, “ஊர்லயும் அப்படித்தான் சொன்னாங்க, நெலமெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு,” என்றார்.

அம்மா கதவைத் திறந்தாள். கத்தரி கையிலேயே இருந்தது.

“எந்த ஊர்ல?”

“அப்ளிகேசன்ல இருக்கற ஊருங்க. தோட்டம் இருக்குதுன்னு அந்தம்மா சொன்னதும் எனக்குச் சந்தேகம். எங்க கம்பெனில அந்தப் பக்கத்து டைலர் ஒருத்தன் இருக்கறான். அவனை உட்டுப் போன் போட்டுக் கேக்கச் சொன்னேன். ராமருன்னா அவங்களுக்குச் சட்டுனு தெரியலை. உங்க பேரைச் சொன்னதும் ஒருத்தர் போனை வாங்கிப் பேசுனாராமா. உங்க அண்ணன்னு சொன்னாராமா. ரொம்ப வருசமாத் தேடறோம், எந்தத் தெருன்னு கேட்டாராமா.”

“சொன்னானா?”

“திருப்பூருன்னு மட்டுந்தான் சொன்னேங்கறான்.”

“அப்படின்னு அவன் சொல்றான்,” என்றாள் அம்மா.

பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவின் கை வரைக்கும். மருதாசலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். யாருக்குப் பேசுவது என்று தெரியாமல் திரும்ப வைத்தார்.

“எனக்கு இது தெரியாதுங்க அம்மிணி.”

“தெரிஞ்சு செய்யலைதான். ஆனா வரப்போறது எங்க வீட்டுக்கு.” அம்மா கத்தரியை ஜன்னல் திண்டில் வைத்தாள். “அந்த ஹாஸ்டல்ல வாட்ச்மேன் இருக்காரா?”

“ராத்திரிக்கும் பகலுக்கும் ஆளு உண்டுங்க. யாரு வந்தாலும் கேட்டுலயே நிறுத்தீருவாங்க. பேர் எழுதிக் குடுத்தவங்க மட்டுந்தான் புள்ளையப் பாக்க முடியும்.”

“அப்ப இவளுக்குப் பணம் உண்டா இல்லையா, இப்பவே சொல்லுங்க.”

“உண்டுங்க. சங்கம் முடிவு பண்றதுக்கு நாளானாலும் முதல் வருசத்தை நானே கட்டீர்றேன்.”

“பேப்பர்ல போட்டோ போடுவீங்களா?”

“வருசா வருசம் போடறது வழக்கம்.” அவர் என்னைப் பார்த்தார். “இந்தப் புள்ளைது வேண்டாம்.”

“எழுதிக் குடுத்த ஊர்ப் பேரு?”

அவர் பையைத் திறந்து என் விண்ணப்பத்தை எடுத்து அம்மாவிடமே கொடுத்தார். அம்மா என் பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தை மேலும் கீழும் தேய்த்தாள். தாள் கிழிந்த பிறகுதான் நிறுத்தினாள். அடுத்த பக்கத்திலும் மை இறங்கியிருந்தது. மருதாசலம் அதை மடித்து வைத்துக்கொண்டு போனார்.

எட்டு மணிக்கு ஞானாம்பாள் மேடம் போன் செய்தார். மருதாசலம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். காலை ஆறு மணிக்குக் காரோடு வந்து என்னை ஹாஸ்டலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அப்பா வந்து விஷயத்தைக் கேட்டதும் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினார். சனிக்கிழமை சம்பளத்துக்குக்கூட நிற்கப்போவதில்லை.

“நீங்க எங்கம்மா போறீங்க?” என்று கேட்டேன்.

“உனக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா எந்த ஃபாரத்துலயாவது எழுதிப்புடுவ.”

திட்டுவது போலத்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய போனிலிருந்தாவது கூப்பிடுவாளாம். இதைச் சொல்லிக்கொண்டே என் பையில் அவளுடைய துப்பட்டாவை மடித்து வைத்தாள்.

நீ காலையில் இங்கே வராதே. வீடு பூட்டியிருக்கும். யாராவது உன்னிடம் வந்து வர்ஷினி எங்கே என்று கேட்டால், சொந்தக்காரர் என்றாலும், தேனொழுகப் பேசினாலும், தெரியாது என்று சொல்.

அப்புறம் இன்னொன்று இப்போதுதான் உறைக்கிறது. ஞானாம்பாள் மேடத்தின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. காலையில் கார் வந்து நின்றதும் உடனே ஏற மாட்டேன். முதலில் அவரைப் பேசவைப்பேன். கண்ணு என்று அவர் சொல்லும் விதம் எனக்கு நினைவிருக்கிறது.