யாருடைய பரீட்சை கஷ்டம்

படுக்கை விரிப்பின் இரண்டு முனைகள் அவர் கையில், மற்ற இரண்டும் அவள் கையில். கொடியிலிருந்து எடுத்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலையிலும் வழக்கமான சண்டைதான்.

"உன்னோடதெல்லாம் ஒரு பரீட்சையா? நெட்டுரு போட்டா யாரும் பாஸ் ஆகலாம்."

"உங்களோடது? ஒயரை இந்த ஓட்டையில சொருகறதா, அந்த ஓட்டையில சொருகறதான்னு ஒரு கேள்வி. அதுக்கு ஒரு சர்டிஃபிகேட்!"

"எழுதிப் பாரு, அப்ப தெரியும்."

"எழுதத்தானே போறேன்."

அவர் சிரித்துக்கொண்டே விரிப்போடு நடந்து வந்து, தன் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். மதியத்துக்கு முன்பே அங்கிருந்து போன் வந்தது. சர்வர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடி யோசிக்கிறார் என்றுதான் கூட இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

அவர் நெட்வொர்க் எஞ்சினியர். அவள் வேறொரு கம்பெனியில் டேட்டாபேஸ் டேபிள்களைப் பார்க்கிறவள். சில வருடங்களுக்கு ஒருமுறை இருவருடைய சர்டிஃபிகேட்டும் காலாவதியாகும். மறுபடி பரீட்சை எழுதிப் புதுப்பிக்க வேண்டும். யாருடைய பரீட்சை கஷ்டம் என்று ஊரில் மற்றவர்கள் தேர்ச்சி விகிதத்தை வைத்துச் சொல்வார்கள். அந்த வீட்டில் பாலை வைத்துச் சொன்னார்கள். படிப்பு மும்முரத்தில் யார் பரீட்சைக்கு அதிக முறை பால் பொங்கி அடுப்பில் வழிந்ததோ, அதுதான் கஷ்டமான பரீட்சை. இதில் அவர் திருட்டுத்தனமாகப் பாலை வழியவிடுகிறார் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"ஒயர் அண்ணனும் டேபிள் அண்ணியும் ஒரு தீர்ப்புக்கு வாங்கப்பா, காது வலிக்குது" என்று நாத்தனார்தான் வழி சொன்னாள். அவர் பரீட்சையை அவள் எழுத வேண்டும், அவள் பரீட்சையை அவர். தோற்றவர் நாத்தனார் முன்னால் வாயைத் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே மையத்தில், ஒரே காலையில், இரண்டு இடங்களை அவரே பதிவு செய்திருந்தார்.

காரியங்களெல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகும் நாத்தனார் கூடவே தங்கிவிட்டாள். பரீட்சை நாள் நெருங்கியதும் மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"கேன்சல் பண்ணிடுங்க அண்ணி. இப்ப யாரு உங்களைக் கேக்கப் போறா?"

"இத்தனை வருஷமா என்னோடதுதான் கஷ்டம்னு கத்தியிருக்கேன். அவர் சொன்னது சரியான்னு ஒரு தடவை பார்த்துடறேனே."

"ஃபெயிலாயிட்டா?"

"அவர் ஜெயிச்சார்னு அர்த்தம்."

சொல்லும்போதே தன் குரலில் ஆசை தட்டியதை அவள் உணர்ந்தாள். அவர் ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும். அதற்காகவே போனாள்.

மையத்தில் பையை வைக்கும் பெட்டகத்துச் சாவியைக் கொடுத்த பெண், பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னாள், கண்ணாடியைக் கழற்றி வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க கூட இன்னொருத்தரும் இருக்காரே மேடம். பின்னாடி வர்றாரா?"

அவருடைய பதிவை ரத்து செய்ய அவளுக்கு மனம் வந்திருக்கவில்லை.

"வரமாட்டார்."

"லேட்டானாலும் பரவாயில்ல மேடம், கொஞ்ச நேரம் பார்ப்போம். பக்கத்து சீட்டை அப்படியே வெச்சிருக்கேன்."

பக்கத்துத் திரை ஒளிர்ந்துகொண்டிருக்க, அவள் முதல் கேள்வியைத் திறந்தாள்.

கணினிகளுக்கு முகவரி எண்களைப் பிரித்துப் போடும் கணக்கு. மூச்சு முட்டப்போகிறது என்று காத்திருந்தாள். முட்டவில்லை. நூற்றிருபத்தெட்டு, அறுபத்திநாலு, முப்பத்திரண்டு, பதினாறு என்று உள்ளே ஒரு குரல் ஓடியது. தினமும் ஷேவ் செய்துகொண்டே அவர் முணுமுணுக்கும் எண்கள். கன்னத்துக்கு நூற்றிருபத்தெட்டு, மோவாய்க்கு வரும்போது பதினாறு. அழித்தெழுதும் அட்டையில் எழுதிப் பார்த்தாள். விடை வந்துவிட்டது.

அடுத்து, இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசவில்லை, என்ன கோளாறு என்று கண்டுபிடி. பக்கம் பக்கமாக அமைப்புகள். குளியலறைக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அவர் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு: "முதல்ல ஒயரைப் பாரு, அப்புறம் ஊரைத் திட்டு." பார்த்தாள். இணைப்பே அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பாதி தாண்டியபோது பயம் பிடித்தது. இப்படியே போனால் பாஸாகிவிடுவாள். பாஸானால் அவருடைய பரீட்சை சுலபம் என்று ஆகும். இனி அதை மறுத்துப் பேச அவருக்கு வாய் இல்லை. இதில் திரும்பிப் போய்த் திருத்தவும் முடியாது, ஒரு கேள்வியைக் கடந்தால் கடந்ததுதான். நாலைந்து தப்பு போட்டால் போதும். அம்புக்குறியைத் தவறான விடையின் மேல் கொண்டு வைத்தாள்.

விரல் அழுத்தவில்லை. சரியான விடையைச் சொன்னவர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் நறுக்கியபடி, யாரோ ஜூனியரைப் போனில் வறுத்தெடுத்துக்கொண்டே சொன்னது. அவரை ஜெயிக்க வைக்க வேண்டுமென்றால், அவர் சொன்னதைத் தப்பு என்று அவள் குறிக்க வேண்டும்.

அது அவளால் ஆகவில்லை. சரியானதை அழுத்தினாள். அதற்கடுத்ததையும். பக்கத்துத் திரை எப்போதோ அணைந்திருந்தது.

வெளியே பெஞ்சில் காத்திருந்த நாத்தனார் எழுந்து வந்தாள்.

"என்ன அண்ணி?"

"பாஸ்."

நாத்தனாரின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "அப்ப எங்க அண்ணன் இத்தனை நாளா விட்டதெல்லாம் சும்மா உதாரா?"

"இல்லடி. நான் எழுதினது கணக்குல சேராது. கல்யாணமான நாள்லேர்ந்து இதைத்தான் காதுல ஊத்தியிருக்கார். கோச்சிங் கிளாஸ்ல குடித்தனம் நடத்தின மாதிரி. நான் எங்க ஃபெயிலாக முடியும்?"

"அண்ணன் உங்களோடதை எழுதியிருந்தா?"

அவள் யோசித்தாள். சாப்பிடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட, தன் டேபிள்களைப் பற்றி எவ்வளவு புலம்பியிருக்கிறாள்.

"கண்ணை மூடிட்டு பாஸ் ஆகியிருப்பார்."

"உருப்பட்ட மாதிரிதான்" என்றாள் நாத்தனார். "கடைசி வரைக்கும் தீர்ப்பே கிடையாதா உங்க ரெண்டு பேருக்கும்?" சொல்லிவிட்டு அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் நாத்தனாரின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். சாவியைத் திருப்பி வாங்க வந்த பெண் கேட்காமலே உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் தன் புதுப் போனை இன்டர்நெட்டில் இணைத்தாள். பாஸ் பண்ணிய கையோடு, அவள் முதல்முறையாக வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். இதுவரை அது அவர் இலாகா. இன்று ஒவ்வொரு வரியும் புரிந்தது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் அவர் ஒரு முகவரி எண்ணை நிரந்தரமாக ஒதுக்கியிருந்தார்; கருவி அணைந்தே கிடந்தாலும் அந்த எண் வேறெதற்கும் போகாது. அவள் லேப்டாப்புக்கு ஒன்பது. அவருடையதற்குப் பத்து.

நாத்தனாரின் போன் தனக்கும் ஓர் எண் கேட்டு வந்தபோது, ரவுட்டர் பத்தைத் தாண்டிப் பதினொன்றைக் கொடுத்திருந்தது.