‘எனக்கு’ என்றொரு கோப்பு

பென் டிரைவைக் கழற்றி, ஊதி, மறுபடியும் லேப்டாப்பில் செருகினாள் ஜெனிபர். கூடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அத்தை ஸ்டெல்லா விடியற்காலையில் இறந்திருந்தாள். அடக்கம் நாலு மணிக்கு.

“டாடி, ஓபன் அவ்வட்லேது, திறக்கவே மாட்டேங்குது. டி.எஸ்.டி.ன்னு முடியுது. என்ன ஃபைல் இது?”

எட்வினுக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அக்காவின் கைப்பையில், கண்ணாடிக்கூட்டுக்குள் கிடந்தது அந்த பென் டிரைவ். அதில் ஒரே ஒரு கோப்பு. ஆங்கில எழுத்தில் ‘எனக்கு’ என்று பெயர்.

“அக்கா ஏதாச்சும் லெட்டர் எழுதி வெச்சிருக்குமோ?”

ஜெனிபர் அதை நோட்பேடில் திறந்தாள். திரை முழுக்கப் புரியாத குறிகள். மேலே மட்டும் நாலைந்து வரிகளைப் படிக்க முடிந்தது.

“எஸ்.டி., நாலாயிரத்துச் சொச்சம். சி.ஓ., ஒண்ணு.”

எட்வின் குனிந்து பார்த்தான். பிளவுஸ் கொடுக்க வருகிறவர்களிடம் அக்கா சொல்வது தினமும் காதில் விழும்: இத்தனை ஆயிரம் ஸ்டிச் ஆகும்மா.

“ஹவ், ஆமா! ஸ்டிச்சுடா இது. எம்பிராய்டரி டிசைன்.”

இருவரும் பின்னறைக்கு ஓடினார்கள். அக்காவின் மெஷினில் பென் டிரைவைச் செருகியதும் அதன் சின்னத் திரையில் ஒரு பூங்கொத்து வந்தது. கைக்குட்டையின் மூலையில் அடங்கும் அளவு.

“அத்தை கையில வெக்கலாம் டாடி.”

வெள்ளைக் கைக்குட்டையைச் சட்டத்தில் இறுக்கி, பச்சை நூல் கோத்தார்கள். ஊசி படபடவென்று இலைகளைத் தைத்துவிட்டு நின்றது.

ஜெனிபர் செல்போனில் தேடிப் படித்தாள். “எங்க கலர் மாத்தணும்னு மட்டும்தான் ஃபைல்ல இருக்குமாம். என்ன கலர்னு இருக்காதாம். அத்தைக்கு எது பிடிக்கும்?”

இருபத்தாறு கிறிஸ்துமஸுக்கு அக்காவுக்குப் புடவை எடுத்தவன் எட்வின்தான். பிரித்துக்கூடப் பார்க்காமல் ‘நல்லாத்தான் இருக்கு’ என்பாள். கூடத்துக்குப் போய் மனைவியிடம் கேட்டான்.

புஷ்பா யோசித்தாள். “அண்ணி அதெல்லாம் சொன்னதே இல்லையே.”

அவன் திரும்பி வந்தான். சுவர் நிறைய நூல்கண்டுகள். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான்.

“பாஸ்டர் வந்தாச்சு” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

விரல் நின்ற இடத்திலிருந்த ஆரஞ்சு நூலை உருவினான். நுனியை நாக்கில் நனைத்து, ஊசியின் காதுக்கு நேரே பிடித்தான். நுழையவில்லை. மறுபடியும் நனைத்தான்.