பக்கத்து வீட்டுக்காரர்

...'அதுவும் சரிதான்' என்று சொல்ல வேண்டியது ஏழு இடம், இல்லை, ஆறு, போன வருஷம் குடையை இரவல் கேட்கிற கட்டம் இருந்தது, இந்த வருஷம் அதை எடுத்துவிட்டு வீடு மாற்றுகிற கட்டத்தைச் சேர்த்திருக்கிறான் அழகுமலை, ஆக ஏழுதான், ஐந்து முடிந்துவிட்டது. சங்கையா மேடையின் ஓரத்தில் கைகட்டி நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் வேஷத்துக்கு அப்படித்தான் நிற்க வேண்டும், தோளைக் கொஞ்சம் குறுக்கி, பிறர் வீட்டில் நிற்பதுபோல. எட்டு வருஷமாக மாரியம்மன் கொடைக்கு மறுநாள் மத்தியானம் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் இதே நாடகம், இதே வேஷம். எழுதுவது அழகுமலை, கதாநாயகனும் அழகுமலை, தேயிலைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசரும் அவன்தான், சங்கையா அவனுக்குக் கீழே கொழுந்து வாட்டுகிற மாடியில். கதாநாயகன் பக்கத்து வீட்டு ஏணியை எடுத்துக்கொள்வான், கோழியை எடுத்துக்கொள்வான், ஏனென்று ஒரு நியாயமும் சொல்வான், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கணம் யோசித்து, 'அதுவும் சரிதான்' என்பார், கொட்டகை அதிரும். முதல் வருஷம் அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது, இல்லை என்று எப்படிச் சொல்வது, பிடித்துத்தான் இருந்தது. இரண்டாம் வருஷம் மிக்கேல் தன் டீக்கடையில், "அதுவும்சரி அண்ணாச்சிக்கு ஒரு சாயா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். அப்புறம் அதுவே பெயர். காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற மஸ்டரில் பெயர் வாசிக்கிறபோதுகூட யாராவது ஒருத்தர் சங்கையாவுக்குப் பதிலாக அதைச் சொல்லிவிடுகிறார்கள்.

இதோ மனைவி ராமுத்தாய், மூன்றாவது வரிசை, தூணுக்குப் பக்கத்தில், முழங்காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், அதை மடக்க முடியாது அவளுக்கு. காலையில் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டேதான் சொன்னாள், "வீட்டக் குடுத்ததோட போகட்டும். இன்னைக்கு அந்த ஆளு அத நாடகமாப் போடுதான். எல்லாரு முன்னாலயும் அந்தச் சொல்லச் சொன்னீங்கன்னா நான் வண்டிப்பெரியாருக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன், பெறகு தேடி வராதீக." கோபமாகச் சொல்லியிருந்தால் பயம் இருந்திருக்காது. சாம்பலை அள்ளிக்கொண்டே சொன்னாள். லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு, பக்கச் சுவரில் ஜன்னல், வாசலிலேயே குழாய்... பன்னிரண்டு வருஷம் காத்திருந்த வீடு. அதில் இருந்த சுடலை வேலை முடிந்து ஊருக்குப் போனதும் வரிசைப்படி சங்கையா பெயருக்கு எழுதினார்கள். இனி ஓடையிலிருந்து குடம் சுமக்க வேண்டாம் என்று ராமுத்தாய் அன்றைக்கு முழங்காலுக்கு எண்ணெய்கூடத் தடவவில்லை. மறுநாள் அழகுமலை வந்தான், "அண்ணாச்சி, நீங்க ரெண்டே பேரு. எனக்கு நாலு பிள்ளைக. உங்களுக்கெதுக்கு அந்த வீடு?" ரெண்டே பேர் என்ற இடத்தில்தான் அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார், பிள்ளையில்லை என்பதை இத்தனை லேசாகச் சொல்லலாமா, அதைக் கேட்க வாயைத் திறந்தார், வந்தது, அதுவும் சரிதான். அவன் சிரித்துக்கொண்டே தோளில் தட்டிவிட்டுப் போனான். நாடகத்திலா சொன்னேன், வீட்டிலா சொன்னேன்? ஆனால் 'அதுவும்' என்றால் இன்னொன்றும் சரி என்றுதானே அர்த்தம், நீ சொல்வதும் சரி, என் பக்கத்தில் இருப்பதும் சரி... அந்த இன்னொன்று என்னவென்று எட்டு வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லையே. நானும் சொல்லவில்லை. அதை யார்மேல் போடுவது?

முடியாது. மூன்றே எழுத்து, இல்லை, நான்கு. காலையிலிருந்து உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், குளிக்கும்போது, பவுடர் பூசும்போது, சத்தமில்லாமல். அழகுமலை மேடை நடுவுக்கு வந்துவிட்டான், மைக்குக்கு நேராக நிற்கிறான், இடுப்பில் கை. "என்ன அண்ணாச்சி, ரெண்டே பேருக்கு ஜன்னல் எதுக்கு, குழாய் எதுக்கு? வீட்ட மாத்திக்கிடுவோமா?" கூட்டம் அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டது, எல்லோருக்கும் தெரியும், நிஜமாக நடந்தது என்று தெரிந்துதான் சிரிக்கிறார்கள், கொழுந்து கிள்ளுகிற பெண்கள்கூட, ராமுத்தாயோடு ஓடையில் தண்ணீர் எடுக்கிறவர்கள்கூட. ஒரு கணம் யோசிக்க வேண்டும், அது நடிப்பு. யோசித்தார். ராமுத்தாய் அவரைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது, மூச்சை இழுத்து, தலையை நிமிர்த்தி, "முடியாதுவே!" என்றார். கொட்டகை ஒரு நொடி வாயடைத்துப் போனது. அந்த ஒரு நொடியை அவர் சாகும்வரை வைத்துக்கொள்வார். பிறகு வெடித்தது பாருங்கள், எட்டு வருஷத்தில் கேட்டிராத சிரிப்பு, பெஞ்சில் அடிக்கிறார்கள், பின்னாலிருந்து மிக்கேல் எழுந்து நின்று கத்துகிறான், "ஏ, சூப்பர்வைசர் பேசுத மாதிரியே பேசுதாரு வே! அப்படியே அவரு குரலு!"

அவர் குரலா? சங்கையா அழகுமலையைத் திரும்பிப் பார்த்தார். லீவு கேட்டால் முடியாதுவே, தம்பி கல்யாணத்துக்கு ஒரு நாள் கேட்டால் முடியாதுவே, வாட்டு மாடியில் மூச்சு முட்டுகிறது, வேறு வேலை மாற்றிவிடு என்றால் முடியாதுவே, இந்தச் சொல்லை அவர் கேட்டதெல்லாம் இந்த ஒரு வாயிலிருந்துதான். அந்த 'வே'யோடு, அந்த இழுப்போடுதான் அது அவருக்குள் போயிருக்கிறது. அழகுமலை முகம் ஒரு கணம் சுண்டிப் போயிற்று, ஆனால் அவன் நடிகன், உடனே அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், பக்கத்தில் வந்து மைக்குக்கு எட்டாமல் சொன்னான், "பிரமாதம் அண்ணாச்சி. கடைசிக் கட்டத்துலயும் இப்படியே, என் குரல்லயே போடுங்க." ராமுத்தாய் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. மேடையில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதுபோல, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். நான் சொன்னேனே, அந்தச் சொல்லைச் சொல்லவில்லையே, இது கணக்கில் சேருமா சேராதா என்று அவளிடம் கேட்க வேண்டும், வீட்டுக்குப் போனதும், அவள் இருந்தால். அழகுமலை அடுத்த வசனத்தைத் தொடங்கிவிட்டான். சங்கையா கன்னத்துக்குள் நாக்கைப் புரட்டி, தன் குரலில் முடியாது என்பது எப்படி இருக்கும் என்று மெல்லத் தேடினார், மெலிதாக இருக்குமா, கரகரவென்று இருக்குமா... நாற்பத்தாறு வயது, ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லையே.