சவுக்காரம் தீர்ந்த கிழமை

மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகு மறுபடி ஓடத் தொடங்கினால் அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்பிருந்த வெருகலுக்கே போய்விடுவது என்று பூரணி முடிவெடுத்திருந்தாள். புருஷன் ஞானசேகரத்துக்குத் துறைமுகத்தில் வேலை. அவன் கூட வர ஏலாது. அவள் திரும்பி நகரத்துக்குள் வருவதற்கு ஆமிக்காரர் பாஸ் கொடுப்பார்களோ, மாட்டார்களோ! போனால் போனதுதான். ஆனாலும் கைக்குழந்தை கன்னமும் முழங்காலும் சிவந்து வெடித்து, சொறிந்து சொறிந்து அழுவதை எந்தத் தாயால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

“இந்த ஊர்த் தண்ணி பிள்ளைக்கு ஒத்துவரேல்லை” என்றாள்.

“தண்ணியோ, நானோ?” என்று ஞானசேகரம் கேட்டான். பகிடியாகத்தான் கேட்டான். ஆனால் அன்றைக்கு அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப்போனான்.

பக்கத்து வீட்டு றுக்கியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “கரப்பன்தான் புள்ள இது. பால் குடுக்கிற நீ றாலு, கத்தரிக்கா ஒண்டும் வாயில வெக்காத” என்று சொல்லியிருந்தாள். பூரணி இரண்டையும் விட்டு மாதக்கணக்காகிறது. கரப்பன் மட்டும் விடவில்லை.

வெருகலில் இருந்தபோது பிள்ளையின் தோல் வாழைக்குருத்து மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்துக்குச் சவுக்காரம் கொண்டுபோவதென்றால் சோதனைச்சாவடியில் ஆயிரம் கேள்வி. அதனால் பிள்ளைக்கு ஆற்றுத் தண்ணீரும் தேங்காயெண்ணெயும்தான். நகரத்துக்கு வந்து வாடகைக்குக் குடியேறிய முதல்நாள், கிணற்றடியில் நின்ற வீட்டுக்காரி மூக்கைச் சுளித்துக்கொண்டு, “அக்கரைச் சனம், ஊத்தையோட வாளியைத் தொட்டுப்போடாதேயும்” என்றாள். அந்தச் சொல் பூரணியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும், வீட்டுக்காரியின் கண்முன்னாலேயே, பிள்ளையை நுரையால் மூடித் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அவள் ஆசையை அறிந்து ஞானசேகரமும் சம்பளம் எடுத்ததும் முதலில் வாசனைச் சவுக்காரம்தான் வாங்கிவருவான்.

அவள் அந்த முடிவெடுத்த கிழமையே ஒரு மத்தியானம் துறைமுகப் பக்கம் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. யன்னல்கள் அதிர்ந்தன. ஊரடங்கு போட்டார்கள். ஓடத் தொடங்கவிருந்த லாஞ்சியும் ஓடவில்லை, கடைகள் பூட்டின, வேலைக்குப் போனவர்களைத் துறைமுகத்துக்குள்ளேயே மறித்து வைத்தார்கள். உள்ளே நின்ற தொழிலாளர் எல்லாரும் சுகம் என்று பொழுதுபடச் சேதி வந்தபிறகுதான் பூரணிக்கு மூச்சு வந்தது. அடுத்தநாள் பார்த்தால் சவுக்காரப் பெட்டி வெறுமை. வேறு வழியில்லாமல் பிள்ளைக்கு வெறும் தண்ணீரை வார்த்து, றுக்கியா தந்த தேங்காயெண்ணெயைத் தடவிவிட்டாள்.

ஊரடங்கு நாள் நாளாக இழுபட்டது. ஒரு பின்னேரம் பிள்ளையை மடியில் கிடத்தியபடி, டியூட்டரியில் உயர்தர மாணவர்களுக்குப் படிப்பிக்கவேண்டிய உயிரியல் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கொழுப்புகளைப் பற்றிய பாடம். இடையில் குனிந்து பார்த்தாள். பிள்ளை சொறியாமல் நித்திரை கொள்கிறது. கன்னத்துச் சிவப்பு மங்கியிருக்கிறது.

தண்ணீர் அதே கிணற்றுத் தண்ணீர். சாப்பாடு அதே சாப்பாடு. மாறினது ஒன்றே ஒன்றுதான்: சவுக்காரம் போய் எண்ணெய் வந்தது.

எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். தோலின் அடியில் பிறக்கும் ஒவ்வொரு உயிர்க்கலமும் மேலே ஏறிவரும்போது தன் உள்வலையான அகமுதலுருச் சிறுவலைக்குள் ஒரு வேலை செய்கிறது. செரீன் என்ற சின்ன அமினோவமிலத்தோடு ஒரு கொழுப்பமிலத்தைச் சேர்த்து, படிப்படியாக மாற்றி, இன்னுமொரு கொழுப்பமிலத்தைக் கோத்துச் செரமைட்டு ஆக்குகிறது. அதைச் சின்னச் சின்னப் பொதியாகக் கட்டி வைத்து, உச்சிக்குக் கிட்ட வந்ததும் வெளியே கொட்டிவிட்டு, தான் காய்ந்து மடிகிறது. மடிந்த கலங்கள் கல். செரமைட்டும் மற்றக் கொழுப்புகளும் இடையில் சாந்து. உள்ளே ஈரம் நிற்பதும் வெளியே இருப்பது உள்ளே நுழையாததும் அந்தச் சாந்தால்தான். அதே செரமைட்டு ஒரு கலத்துக்குள் அளவுமீறிக் குவிந்தால், அந்தக் கலத்துக்கே சாவோலை. அளவாக இருந்தால் காவல், மிஞ்சினால் காலன். எவ்வளவு தேவை என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு கலத்துக்குத் தெரிந்திருக்கிறது.

‘எனக்குத் தெரியேல்லையே’ என்று நினைத்தாள். அந்தக் கலங்கள் மெல்ல மெல்லப் பூசிவந்ததை அவளல்லவா நாள்தோறும் நுரையோடு நுரையாகக் கிணற்றடியில் ஓடவிட்டிருக்கிறாள்!

ஊரடங்கு எடுத்த அன்று ஞானசேகரம் தாடியும் களைப்புமாக வந்துசேர்ந்தான். முகம் மட்டும் சிரித்தது.

“இஞ்ச பாரும். திறந்த கடையெல்லாம் ஏறி இறங்கினனான். ரோசாப்பூ வாசம்” என்று ஒரு சவுக்காரத்தை நீட்டினான்.

“இது வேண்டாமப்பா.”

அவன் சிரிப்பு அணைந்தது. “லாஞ்சி நாளைக்கு ஓடுது எண்டு அறிஞ்சிட்டீர் போல.”

“அறிஞ்சன். நான் போகேல்லை.” அவள் பிள்ளையின் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். “தண்ணியும் இல்லை, நீங்களும் இல்லை. நான்தான் உரஞ்சி உரஞ்சிக் கழுவிப்போட்டன்.” எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்தவன், “அப்ப அதுகள் பாவம், இருந்து சாந்து பூச, நாங்கள் பின்னாலை போய்ச் சுரண்டியிருக்கிறம்” என்றான்.

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“ஆர் சவுக்காரம் வாங்கித் தந்தது? கூட்டுக் களவு எண்டால் ரெண்டு பேருக்கும்தான் மறியல்வீடு.”

அவள் சிரித்தாள். கண் கலங்கியது. “வெறும் தண்ணியிலை வார்த்தால் அந்த வீட்டுக்கார மனுசி என்ன சொல்லுமோ?”

“சொல்லும். விடும், சொல்லட்டும்.”

மறுநாள் காலை கிணற்றடியில் வீட்டுக்காரி வாளியோடு நின்றாள். பூரணியின் கைகள் ஒருகணம் தயங்கின. பிறகு பிள்ளையின் தலையில் வெறும் தண்ணீரை மெல்ல வார்த்தாள்.

“என்ன, சவுக்காரம் போடேல்லையோ?”

“இல்லையக்கா” என்றாள் பூரணி. “பிள்ளைக்கு அது வேண்டாம்.”

வீட்டுக்காரி உதட்டைப் பிதுக்கினாள். பிள்ளை தண்ணீரை அடித்துச் சிரித்ததில் இரண்டு பேரும் நனைந்தார்கள்.