எம்மெராம் ஒத்துக்கொண்ட ஞாயிறு

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஊர் திரும்பிய க்விரின், ஞாயிறு பூசை முடிந்த கையோடு மதுக்கடைக்குப் போனார். கணப்படுப்பை ஒட்டிய மூலைமேசையில் நண்பர்கள் இருந்தார்கள். யாரும் அழைக்காமலே போய் உட்காரும் உரிமை க்விரினையும் சேர்த்து அந்த ஐந்து பேருக்கு மட்டும்தான். அதற்கு ஷ்டாம்டிஷ் என்று பெயர். மேசைக்கும் அதே பெயர், கூட்டத்துக்கும் அதே பெயர்.

"வா க்விரின், உக்காரு," என்றார்கள்.

அங்கேயே அவருக்குச் சுருக்கென்றது. உட்காரச் சொல்வது வெளியாளை. அவரை வழக்கமாக வரவேற்பது வசவுதான். போதாக்குறைக்கு ஒருவர் ஜன்னலைச் சாத்தினார். இன்னொருவர் கடுகுச் சாந்தை அவர் பக்கம் நகர்த்தினார். நம் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார்களோ?

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பழைய சண்டையை எடுத்தார். அவர்கள் மொழியில் டிஷ் என்றால் மேசை, ஷ்டாம் என்றால் அடிமரம். குலம் என்றும் சொல்லலாம். முதல் மேசையே அறுத்த அடிமரம்தான் என்பது தச்சர் எம்மெராமின் கட்சி. குலம் கூடும் மேசை என்பது கசாப்புக்காரர் க்விரினின் கட்சி. முப்பது வருஷமாக இரண்டு பேரிடமும் ஆதாரம் கிடையாது. இரண்டும் ஒரே சொல்தான், 'வாடிக்கை' என்ற பொருளும் அதிலிருந்து வந்ததுதான் என்று விளக்கிய பள்ளி ஆசிரியரிடம் இருவருமே பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ஷ்டாம்னா குலம்தான். மரத்தை உன் பட்டறையிலயே வச்சுக்கோ."

எம்மெராம் வெள்ளைத் தொத்திறைச்சியின் தோலை மெதுவாக உரித்தார். "நீ சொல்றதுதான் சரியா இருக்கும், க்விரின்."

க்விரின் கடுகுச் சாந்தைத் தள்ளி வைத்தார். எம்மெராம் விட்டுக்கொடுக்கிறான் என்றால் விஷயம் மேசையோடு நிற்கவில்லை. தன் சவப்பெட்டியைத் தூக்கப்போகும் தோள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் குனிந்திருந்தன.

"மறைக்காதீங்கடா. இன்னும் எவ்வளவு நாள்னு டாக்டர் சொன்னாரு?"

எம்மெராம்தான் விஷயத்தை உடைத்தார். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையாம். க்விரினின் மனைவி வல்புர்கா வீடு வீடாகப் போய், அவருக்குக் கோபம் வரவைப்பவன் தன்னிடம் வாங்கிக்கட்டிக்கொள்வான் என்று எச்சரித்திருக்கிறாள்.

"அவளுக்குப் பயந்தா குலம்னு ஒத்துக்கிட்டே?"

"சொல்றப்போ நாக்கு கூசுச்சுடா."

க்விரின் மூக்கை உறிஞ்சினார். கண் கலங்கிய பழி கணப்படுப்புப் புகைமேல் போனது. "அப்ப இப்ப வாயைக் கழுவிக்கோ."

"மரம்டா, மரமண்டை! அடிமரம்!" எம்மெராம் மேசையைத் தட்டினார்.

"குலம்டா, குரங்கே!"

கத்தி ஓய்ந்து மூச்சு வாங்கிய பிறகு, க்விரின் குரலைத் தாழ்த்தினார்.

"வல்புர்கா கேட்டா, நான் ஜெயிச்சேன்னே சொல்லுங்க."