கொடி ஒட்டாத கட்டம்

ஹரால்ட் என்ற அந்த அமெரிக்கக் கிழவர் மேசை நிறைய விரித்த வம்ச அட்டவணையில் எத்தனை நோர்வேக் கொடிகள் என்று எண்ணத் தொடங்கி, நாற்பதோடு விட்டுவிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நகமளவு கொடி. ஒஸ்லோ ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் பழைய பதிவேடுகளின் நுண்படச் சுருளைத் திரைக் கருவியில் மாட்டிக்கொடுப்பது என் வேலை. கோடை வந்தால், நோர்வேயிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறியவர்களின் வழிவந்த மினசோட்டாக்காரர்கள் பூர்வீகம் தேடி வந்து இருக்கைகளைப் பிடித்துவிடுவார்கள். ஆனால் 2006 யூலையில் வந்த இவரோடு ஒரு தமிழ்ப்பிள்ளை வந்திருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நான் சத்தியபாமா, அக்கா. ரொறன்ரோவிலை வளந்தனான். இவர் என்ரை மாமா, என்ரை அவற்றை அப்பா. மாமான்ரை அம்மா பிறந்த இடம் தேடி வந்தனாங்கள்."

அட்டவணையின் அடியில் அவள் பெயரும் இருந்தது. பக்கத்தில் வெறும் கட்டம்.

"உமக்கு ஏன் ஒட்டேல்லை?"

"இலங்கைச் சிங்கக் கொடியோடை வந்தவர். வேண்டாமெண்டிட்டன். அப்ப எது எண்டு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியேல்லை." சிரித்தாள். "கலியாணத்துக்கு முதல் மாமா என்ன சொன்னவர் தெரியுமே? எங்கடை குடும்பத்திலை நோர்வே இரத்தத்தைத் தவிர வேறை கலக்கேல்லையெண்டு. இப்ப எனக்கு ஆறு மாசம். பிள்ளைக்கு எதை ஒட்டப்போறாரோ."

கிழவர் பத்து வருடமாக 'லெர்விக்' என்ற குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு அலைந்திருக்கிறார். அது தாயார் குடும்பம் குடியிருந்த பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் பெயரும் மாறும் என்பது அமெரிக்காவில் பிறந்தவருக்கு எப்படித் தெரியும்? மாறாதது தகப்பன் பெயர்தான்; பெயருக்குப் பின்னால் அப்பாவைக் கொண்டு திரிகிற எங்களுக்கு அது பெரிய வித்தையில்லை. தாயாரின் தகப்பன் பெயரை வைத்துத் தேடினேன். 1900ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில், வடக்கே ஒரு மீன்பிடிக் கிராமத்தில், ஐந்து வயதுச் சிறுமியாக அவருடைய தாயார் எலன் அகப்பட்டாள்.

அந்தப் பக்கத்தில் இனத்துக்கென்று ஒரு நிரல் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே எழுத்து. நோர்வேஜியருக்குப் போடுகிற எழுத்தல்ல அது.

கிழவர் என் முகத்தையே பார்த்தார். நான் அவளிடம் தமிழில் சொன்னேன்.

"இவற்றை அம்மா ஸாமி எண்ட இனத்துப் பிள்ளை. வடக்கிலை இருக்கிற பழங்குடிச் சனம். அந்தக் காலத்திலை நோர்வேக்காரர் அவையைக் கீழாத்தான் பாத்தவங்கள். அமெரிக்கா போய் அதை மறைச்சிட்டா போலை. சொல்லட்டோ?"

எனக்கு உள்ளூர ஒரு குரூர சந்தோசம், பொய் சொல்வானேன். அவளுக்கும் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அவள் வயிற்றில் கைவைத்தபடி கிழவரைப் பார்த்தாள். "சொல்லுங்கோ. மெதுவாச் சொல்லுங்கோ அக்கா. அது அவற்றை அம்மா."

சொன்னேன். கிழவர் நுண்படத் திரையை நோக்கிக் குனிந்து, அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அம்மா கோபம் வந்தால் ஏதோ ஒரு பாசையில் முணுமுணுப்பாள்," என்றார் ஆங்கிலத்தில். "வடக்கத்தி நோர்வேப் பேச்சு என்று சொல்லுவாள். ஒரு சொல்லுக்காவது அர்த்தம் கேட்டிருக்கலாம்."

பிறகு அட்டவணையில் தாயின் பெயருக்குப் பக்கத்திலிருந்த கொடியை நகத்தால் கிளப்பி, கிழியாமல் உரித்தெடுத்தார்.

"அவர்களுக்கென்று கொடி இருக்கிறதா?"

"இருக்கிறது. நகரத்தில் வாங்கலாம்."

தலையாட்டினார், எழும்பவில்லை. விரல் தாயின் வெறும் கட்டத்திலிருந்து கோட்டோடு கோடாக இறங்கி, மகனைத் தாண்டி, மருமகளின் வெறும் கட்டத்தில் வந்து நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உரித்த கொடி இன்னும் அவருடைய பெருவிரலில் ஒட்டியிருந்தது.